பாட் விழுந்தால் நிரலுக்கு எப்படித் தெரியும்? குபர்நெட்டீஸ் மாற்றங்களைக் கவனிக்க ஒரு வழிகாட்டி

ஆடி நெருங்கினால் எங்கள் பக்கம் காலையில் முதல் கேள்வி, "பிலிகுண்டுலுல எவ்ளோ?" என்பதுதான். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் அந்த இடத்தில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. அங்கே கனஅடி ஏறினால் அடுத்து ஒகேனக்கலில் தண்ணீர் ஏறும், பரிசல் நிற்கும், அருவியில் குளிக்கத் தடை வரும். ஒகேனக்கலில் இருக்கும் ஒருவர் இந்த விவரத்தைத் தெரிந்துகொள்ள இரண்டு வழி உண்டு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் போட்டு "இப்ப எவ்ளோ" என்று கேட்கலாம். அல்லது ஒரே ஒரு போன் போட்டு, "இப்ப எவ்ளோன்னு சொல்லிட்டு, லைன்லயே இருங்க, மாறினா சொல்லுங்க" என்று கேட்டுக்கொள்ளலாம்.

கன்டெய்னர்களைப் பல கணினிகளில் ஓட்டி மேய்க்கும் மென்பொருள் குபர்நெட்டீஸ். அந்தக் கணினிக் கூட்டம் கிளஸ்டர், அதில் ஒவ்வொரு கணினியும் ஒரு நோட், ஒன்றோ சிலவோ கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் சின்ன அலகு பாட். அந்தக் கிளஸ்டரில் நடக்கும் மாற்றங்களை நம் நிரல் தெரிந்துகொள்ளவும் இதே இரண்டு வழிதான். முதல் வழியில் எழுதிய நிரல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், நானே எழுதியும் இருக்கிறேன். பத்து விநாடிக்கு ஒருமுறை எல்லா பாட்களையும் பட்டியல் கேட்டு, பழைய பட்டியலோடு ஒப்பிடுவது. சின்ன கிளஸ்டரில் ஓடும். ஆனால் அந்தப் பத்து விநாடிக்குள் ஒரு பாட் விழுந்து எழுந்துவிட்டால் பட்டியலை மேலோட்டமாகப் பார்க்கும் நிரலுக்கு அது தெரியாது. இரண்டாவது வழிக்குப் பெயர் வாட்ச். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. லைன் அறுந்தால் என்ன செய்வது என்பதற்குத்தான் இதில் பாதி இடம் போகும், ஏனென்றால் நான் அடிபட்டது அங்கேதான்.

பைத்தான் கொஞ்சம் தெரியும், டாக்கர் ஒருமுறையாவது ஓட்டியிருக்கிறேன் என்றால் போதும். கட்டளைகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். பைத்தான் செயல்பாடு, அளபுரு (பாராமீட்டர்) பெயர்களின் நடுவே நான் போடும் கோடு அடிக்கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ரிசோர்ஸ்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ரிசோர்ஸ் என்ற சொல்லைக் குபர்நெட்டீஸில் இரண்டு பொருளில் பயன்படுத்துகிறார்கள். பாட், டிப்ளாய்மென்ட், சர்வீஸ், நோட், கான்ஃபிக்மேப் என்று கிளஸ்டரில் பெயரோடு பதிவாகும் பொருள்கள் எல்லாம் ரிசோர்ஸ்கள். ஒரு பாட் எவ்வளவு சிபியு, எவ்வளவு மெமரி தின்கிறது என்பதும் ரிசோர்ஸ்தான். வாட்ச் சொல்வது முதல் வகையை மட்டும். பாட் பிறந்தது, நிலை மாறியது, போய்விட்டது, இப்படி. மெமரி 200 எம்பியிலிருந்து 400 எம்பிக்கு ஏறியதை வாட்ச் சொல்லாது. அதற்கு, அளவுகளைச் சேகரிக்கும் மெட்ரிக்ஸ் சர்வரையோ புரொமீதியஸையோ இடைவெளி விட்டுக் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். "வாட்ச் போட்டேன், மெமரி வரல" என்று என்னிடம் வந்தவர்கள் இரண்டு பேர்.

கிளஸ்டரின் நிலை முழுவதும் ஈடிசிடி என்ற தரவுக்கிடங்கில் இருக்கிறது. அதற்கு முன்னால் வாசல் காப்பவர் மாதிரி ஏபிஐ சர்வர். யார் எதைக் கேட்டாலும், மாற்றினாலும் அதன் வழியாகத்தான். பாட்டை எந்த நோடில் வைப்பது என்று முடிவு செய்யும் ஷெட்யூலரும், ஒவ்வொரு நோடிலும் உட்கார்ந்திருக்கும் கியூப்லெட்டும்கூட ஏபிஐ சர்வரிடம் வாட்ச் போட்டுத்தான் பிழைக்கின்றன. அதனால் இது நமக்காகத் தனியாகக் கட்டிய வசதி இல்லை. குபர்நெட்டீஸ் தனக்காக வைத்திருக்கும் குழாயில் நாமும் ஒரு குடம் பிடிக்கிறோம்.

வீட்டில் ஒரு கிளஸ்டர்

பழக கிளவுடுக்குக் காசு கட்ட வேண்டாம். நம் கம்ப்யூட்டரிலேயே சின்னக் கிளஸ்டர் ஓட்டும் மினிகியூப் போதும்: 2 சிபியு, 2 ஜிபி காலி மெமரி, 20 ஜிபி டிஸ்க் கேட்கும். டாக்கர் ஏற்கெனவே இருந்தால் கைண்ட் என்ற கருவி இன்னும் லேசு, "கைண்ட் கிரியேட் கிளஸ்டர்" என்று அடித்துவிட்டு டீ குடித்து வந்தால் தயாராக இருக்கும். அப்புறம், கிளஸ்டருக்குக் கட்டளையிடும் கருவியான கியூப்சிடிஎல் நிறுவிக்கொள்ளுங்கள். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் இமேஜை வைத்து, இரண்டு பிரதி கொண்ட ஒரு டிப்ளாய்மென்ட் (சொன்ன எண்ணிக்கையில் பாட்கள் எப்போதும் ஓடும்படி பார்த்துக்கொள்வது) உருவாக்குங்கள். பெயர் உங்கள் விருப்பம். நான் எடைபதிவு என்று வைக்கிறேன், காரணம் பின்னால் வரும்.

கோட் எழுதும் முன் கண்ணால் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு குழம்புகிறார்கள். இரண்டு டெர்மினல் திறங்கள். முதலாவதில் "கியூப்சிடிஎல் கெட் பாட்ஸ்" என்று அடித்து, பின்னால் வாட்ச் என்ற கொடியையும், அவுட்புட்-வாட்ச்-ஈவென்ட்ஸ் என்ற கொடியையும் சேருங்கள். இரண்டு பாட்களும் ஆடட் என்ற அடையாளத்தோடு வரும். அவை ஏற்கெனவே இருந்தவைதானே, ஏன் ஆடட்? ஏனென்றால் கியூப்சிடிஎல் முதலில் இருப்பதைப் பட்டியல் எடுத்து அதையும் அதே வடிவத்தில் காட்டுகிறது. இதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது டெர்மினலில் ஒரு பாட்டை டிலீட் செய்யுங்கள். இப்போது முதல் டெர்மினலைப் பாருங்கள். ஒரு பாட்டை அழித்தோம், ஒரு வரி வரும் என்றுதானே நினைப்போம்? வருவது ஏழெட்டு வரி. பழைய பாட்டுக்கு முதலில் மாடிஃபைட் வருகிறது: அழிக்கும் நேரம் என்று ஒரு குறிப்பு அதன்மேல் எழுதப்பட்டுவிட்டது, டெர்மினேட்டிங் என்று காட்டும். உடனே புதிய பாட்டுக்கு ஆடட். அதற்கு நோட் ஒதுக்கியதும் ஒரு மாடிஃபைட். கன்டெய்னர் தயாராகும்போது ஒன்று, ஓடத் தொடங்கியதும் ஒன்று. நடுவே பழைய பாட்டின் கன்டெய்னர் நின்றதற்கு ஒன்று. கடைசியில்தான் டிலீட்டட். வரிசை கொஞ்சம் முன்பின் இருக்கலாம். நில் என்றதும் நிற்காத நிரலாக இருந்தால் அந்த டெர்மினேட்டிங்குக்கும் டிலீட்டட்டுக்கும் நடுவே இயல்பாக 30 விநாடி வரை அவகாசம் கொடுக்கப்படும்.

ஆகவே "மாடிஃபைட் வந்தால் எஸ்எம்எஸ் அனுப்பு" என்று எழுதினால் உங்கள் மேலாளருக்கு ஒரு பாட்டுக்கு ஐந்து எஸ்எம்எஸ் போகும்.

குழாயில் பச்சையாக என்ன ஓடுகிறது என்று பார்க்க ஆசை இருந்தால், "கியூப்சிடிஎல் பிராக்ஸி" ஓட்டுங்கள். 8001 போர்ட்டில் ஏபிஐ சர்வர் கிடைக்கும். நேம்ஸ்பேஸ் என்பது கிளஸ்டருக்குள் பெயரிட்ட ஒரு பிரிவு. டீஃபால்ட் நேம்ஸ்பேஸின் பாட்கள் முகவரிக்குப் பின்னால் வாட்ச் சமம் 1 என்று சேர்த்து கர்ல் கட்டளையால் அழைத்தால், பதில் வந்து முடியாது. இணைப்பு திறந்தே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு ஜேசான் வந்து விழும். அதில் இரண்டே பகுதி: டைப், ஆப்ஜெக்ட். ஆப்ஜெக்டில் மாறிய துண்டு மட்டும் வராது, முழு பாட்டும் வரும். இவ்வளவுதான் வாட்ச். இனி வரும் நூலகங்கள் எல்லாம் இதற்குப் போட்ட சட்டை.

பைத்தானில் முதல் நிரல்

பிப் மூலம் குபர்நெட்டீஸ் என்ற பெயரிலேயே இருக்கும் பொதியை நிறுவுங்கள். அதிலிருந்து கிளையன்ட், கான்ஃபிக், வாட்ச் மூன்றையும் இம்போர்ட் செய்யுங்கள். அடுத்து கான்ஃபிக்கில் உள்ள லோட்-கியூப்-கான்ஃபிக் என்ற செயல்பாட்டை அழைத்தால், கியூப்சிடிஎல் பயன்படுத்தும் அதே சாவியை இதுவும் எடுத்துக்கொள்ளும். பிறகு கிளையன்ட்டிலிருந்து கோர்-வி1-ஏபிஐ ஒன்றை உருவாக்குங்கள். வாட்ச் ஒன்றை உருவாக்குங்கள். அந்த வாட்சின் ஸ்ட்ரீம் மேல் ஒரு ஃபார் சுற்று போட்டு, வரும் ஒவ்வொரு ஈவென்ட்டின் டைப்பையும், ஆப்ஜெக்டின் மெட்டாடேட்டாவில் உள்ள பெயரையும் அச்சிடுங்கள். மொத்தம் ஏழெட்டு வரி.

ஸ்ட்ரீமுக்கு முதலில் கொடுக்க வேண்டியது லிஸ்ட்-நேம்ஸ்பேஸ்டு-பாட் என்ற செயல்பாட்டின் பெயரை. பெயரை மட்டும். பழக்கதோஷத்தில் பின்னால் அடைப்புக்குறி போட்டுவிட்டால் அது அங்கேயே ஓடி முடிந்து பட்டியலைக் கையில் கொடுத்துவிடும், ஸ்ட்ரீம் கடுப்பாகும். நேம்ஸ்பேஸ் என்ன என்பதைத் தனியாக இன்னொரு அளபுருவாகக் கொடுக்க வேண்டும். எங்கள் டீமுக்கு பர்கூரில் படித்துவிட்டு வந்த தம்பி ஒரு மத்தியானம் முழுக்க இந்த ஒரு ஜோடி அடைப்புக்குறியோடு போராடினான்.

ஓட்டுங்கள், பாட்டை அழியுங்கள், வரிகள் வரும். இந்த இடத்தில் எல்லோருக்கும் ஒரு சந்தோஷம் வரும். சரி, இனிமேல்தான் வேலை.

ஓர் இரவு நடந்தது

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை ஒன்றுக்கு மென்பொருள் செய்து கொடுத்தோம். பெங்களூரா மாம்பழம் வரும் சீசனில் லாரிகள் இரவெல்லாம் வரிசை கட்டி நிற்கும். லாரி எடை மேடையில் ஏறியதும் எடையைப் பதிவு செய்யும் சர்வீஸ் ஒன்று, அதுதான் எடைபதிவு. கிளஸ்டர் மும்பையில் ஒரு கிளவுடில். அதைக் கவனிக்கும் என் வாட்ச் நிரல் டவுனில் எங்கள் சின்ன அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டரில். பாட் விழுந்தால் என் போனுக்குத் தகவல் வரும். பத்து நாள் அருமையாக வந்தது.

ஒருநாள் ராத்திரி மழை, மின்வெட்டு. கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் உண்டு, இன்டர்நெட் மோடத்துக்கு இல்லை. மோடம் அணைந்து, கரண்ட் வந்ததும் எழுந்தது. அதன் பிறகு எடைபதிவு பாட் மெமரி போதாமல் விழுந்து விழுந்து எழுந்திருக்கிறது. ஒரு தகவலும் வரவில்லை. காலையில் ஆலையிலிருந்து போன்: டிரைவர்கள் கத்துகிறார்கள், ராத்திரி எடையை நோட்டில்தான் எழுதினோம்.

தம்பி லாக்கைப் பார்த்துவிட்டு, "எர்ரர் ஒன்னுமே இல்லியேண்ணா" என்றான். அதுதான் பிரச்சினையே. மோடம் சொல்லாமல் செத்துப்போனதால், இணைப்பு அறுந்த செய்தி என் நிரலுக்கு வரவே இல்லை. மறுமுனையில் ஏபிஐ சர்வர் எப்போதோ கையை விட்டுவிட்டது. என் நிரல் மட்டும் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, மாற்றம் ஒன்றும் இல்லை போல என்று உட்கார்ந்திருந்தது. அமைதியான கிளஸ்டரும் அறுந்த லைனும் வாட்ச் நிரலுக்கு ஒரே மாதிரிதான் கேட்கும்.

இதற்கு மருந்து இரண்டு அளபுருக்கள், இரண்டையும் சேர்த்துப் போட வேண்டும். டைம்அவுட்-செகண்ட்ஸ் என்பது ஏபிஐ சர்வருக்குச் சொல்வது: இத்தனை விநாடியில் நீயே இந்த வாட்சை ஒழுங்காக முடித்துவிடு. அதற்கு 300 கொடுங்கள். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஏபிஐ சர்வர் தன் இயல்பு அமைப்பில் 30 நிமிடத்துக்கும் 60 நிமிடத்துக்கும் நடுவில் ஏதோ ஒரு நேரத்தில்தான் முடிக்கும். ரிக்வெஸ்ட்-டைம்அவுட் (இதற்கு முன்னாலும் ஓர் அடிக்கோடு உண்டு) என்பது நம் பக்கத்துக்குச் சொல்வது: இத்தனை விநாடி ஒரு பைட்கூட வரவில்லையென்றால் பிழை எழுப்பு. இதற்கு 320 கொடுங்கள். லைன் நன்றாக இருந்தால் 300இல் சர்வர் முடித்துவிடும், 320 வரவே வராது. லைன் செத்திருந்தால் 320இல் நமக்குத் தெரிந்துவிடும். 300 என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. கோ மொழிக்கான அதிகாரபூர்வ நூலகமான கிளையன்ட்-கோவே 5 முதல் 10 நிமிடத்துக்குள் ஒரு நேரத்தைத் தேர்ந்து வாட்சைப் புதுப்பித்துக்கொள்கிறது.

ஒரு எச்சரிக்கை: பைத்தான் நூலகத்தில் டைம்அவுட்-செகண்ட்ஸ் கொடுக்காவிட்டால், சர்வர் முடித்ததும் அதுவே மறுபடி இணைந்துகொள்ளும். கொடுத்தால் ஃபார் சுற்று முடிந்து வெளியே வந்துவிடும். அதனால் அதைச் சுற்றி ஒரு வைல் சுற்று நீங்கள் போட வேண்டும்.

லைன் அறுந்தால் எங்கிருந்து தொடர்வது

வைல் சுற்றுப் போட்டாயிற்று. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிரல் மறுபடி இணைகிறது. இணைந்ததும் என்ன வரும்? எங்கிருந்து என்று சொல்லாமல் வாட்ச் போட்டால், இருக்கும் எல்லா பாட்களும் மறுபடி ஆடட் என்று வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "புதிய பாட் வந்தது" என்று, நாற்பது பாட் இருந்தால் நாற்பது தகவல் போகும். இன்னொரு சிக்கல் அதைவிட மோசம்: இடைவெளியில் அழிந்துபோன பாட்டுக்கு டிலீட்டட் வராது. அது இல்லாமல் போயிருக்கும், அவ்வளவுதான். உங்கள் நிரலின் நினைவில் மட்டும் ஆவியாக நின்றுகொண்டிருக்கும்.

ஒவ்வொரு ஆப்ஜெக்டின் மெட்டாடேட்டாவிலும் ரிசோர்ஸ் வெர்ஷன் என்று ஒன்று இருக்கும். பட்டியல் கேட்டால் பட்டியலுக்கும் ஒன்று வரும். பிலிகுண்டுலுக் கதையில் அது அளவெடுத்த நேரம் மாதிரி. "ஆறு மணி அளவு எங்கிட்ட இருக்கு, அதுக்கப்புறம் மாறினதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்க உதவுவது. சரியான முறை இது: முதலில் சாதாரணமாக ஒரு பட்டியல் கேளுங்கள். அதை ஒரு டிக்ஷனரியில் வையுங்கள். பட்டியலின் ரிசோர்ஸ் வெர்ஷனை வாட்சுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு ஈவென்ட் வரும்போதும் டிக்ஷனரியையும், கடைசி வெர்ஷனையும் புதுப்பியுங்கள். லைன் அறுந்தால் அந்தக் கடைசி வெர்ஷனிலிருந்து தொடருங்கள். வெர்ஷன் எண் மாதிரி தெரிந்தாலும் அது ஒரு சரம். அதில் கூட்டல் கழித்தல் செய்யாமல், வந்ததை வந்தபடி திருப்பிக் கொடுங்கள்.

பழைய வரலாற்றை ஈடிசிடி எப்போதும் வைத்திருக்காது. ஏபிஐ சர்வர் இயல்பாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை பழையதைச் சுருக்கச் சொல்லும். ரொம்பப் பழைய வெர்ஷனைக் கொடுத்து "இதிலிருந்து சொல்" என்றால் 410 என்ற பதில் வரும்: அது போய்விட்டது என்று பொருள். இதைப் பார்த்துப் பயந்து நிரலை நிறுத்துகிறவர்கள் உண்டு. அது பிழையே இல்லை, "கணக்கு விட்டுப்போச்சு, முதல்ல இருந்து கேளு" என்று மரியாதையாகச் சொல்வது. செய்ய வேண்டியது: மறுபடி பட்டியல், டிக்ஷனரியோடு ஒப்பிடு, பட்டியலில் இல்லாதவை அழிந்தவை, புதிதாக இருப்பவை பிறந்தவை, மறுபடி வாட்ச். பைத்தானில் 410 ஏபிஐ-எக்செப்ஷனாக வரும், அதன் ஸ்டேட்டஸைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம். மற்ற பிழைகளுக்கு உடனே மறுபடி இணையாமல் 1, 2, 4, 8 விநாடி என்று இடைவெளியை ஏற்றுங்கள். ஏபிஐ சர்வர் தடுமாறும் நேரத்தில் நூறு நிரல்கள் ஒரே விநாடியில் கதவைத் தட்டினால் அது எழவே எழாது.

உங்கள் பாட்களில் மாற்றமே இல்லாமல் மணிக்கணக்கில் ஓடினால் கையிலிருக்கும் வெர்ஷன் பழசாகிவிடுமே என்று கேட்கலாம். அதற்குத்தான் புக்மார்க் என்ற ஈவென்ட் வகை, 1.17 பதிப்பிலிருந்து நிலையானது. அலவ்-வாட்ச்-புக்மார்க்ஸ் என்று கேட்டுக்கொண்டால் அவ்வப்போது புதிய வெர்ஷனை மட்டும் தாங்கி வரும். அதில் பாட் விவரம் இருக்காது, அதைப் பாட் என்று நினைத்துப் பெயரைத் தேடாதீர்கள்.

வடிகட்டுவது

எல்லா பாட்களையும் கேட்டுவிட்டு இஃப் போட்டுத் தள்ளாதீர்கள். பாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளை வைத்துத் தேர்ந்தெடுக்கும் லேபிள் செலக்டர் கொடுத்தால் ஏபிஐ சர்வரே வடிகட்டித் தரும். ஃபீல்ட் செலக்டரில் பாட் எந்த நோடில் இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பதை வைத்தும் கேட்கலாம்.

இதில் ஒரு கண்ணி உண்டு. லேபிள் வைத்து வாட்ச் போட்டிருக்கும்போது யாராவது ஒரு பாட்டின் லேபிளை மாற்றினால், உங்களுக்கு டிலீட்டட் வரும். பாட் உயிரோடு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் வடிகட்டியை விட்டு வெளியே போனதைத்தான் அப்படிச் சொல்கிறது. கைண்டில் ஒரு லேபிளை மாற்றி ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள், மறக்காது.

பாட்டில் எதைப் பார்ப்பது

புதியவர்கள் நேராகப் போய் விழுவது ஸ்டேட்டஸில் உள்ள ஃபேஸ் என்ற இடத்தில். ரன்னிங் என்றிருந்தால் நலம் என்று நினைப்பார்கள். என் எடைபதிவு பாட் அந்த ராத்திரி முழுக்க ரன்னிங்தான். கியூப்சிடிஎல் காட்டும் கிராஷ்-லூப்-பேக்ஆஃப் என்பது ஃபேஸே இல்லை. அது கன்டெய்னரின் வெயிட்டிங் நிலையில் எழுதியிருக்கும் காரணம். ஃபேஸை மட்டும் பார்க்கும் நிரலுக்கு அது கண்ணில் படாது.

கன்டெய்னர் ஸ்டேட்டஸஸ் பட்டியலுக்குள் போங்கள். மூன்று இடம் பாருங்கள்: ரீஸ்டார்ட் கவுன்ட், ரெடி, லாஸ்ட் ஸ்டேட். எடைபதிவுக்கு லாஸ்ட் ஸ்டேட்டில் டெர்மினேட்டட் என்பதற்குள் காரணம் ஓஓஎம்-கில்டு, வெளியேறிய எண் 137. மெமரி வரம்பைத் தாண்டியதால் லினக்ஸ் கர்னல் கொன்ற கன்டெய்னர். சிக்னல் 9, அதோடு 128, ஆக 137. மறுபடி மறுபடி விழுந்தால் கியூப்லெட் 10 விநாடி, 20, 40 என்று இடைவெளியை 5 நிமிடம் வரை ஏற்றிக்கொண்டே போகும். அதாவது லாரி நிற்கும்போது ஐந்து நிமிடத்துக்குச் சர்வீஸே கிடையாது.

கன்டெய்னர் ஸ்டேட்டஸஸ் சில நேரம் காலியாக, நன் என்று வரும். பாட் பிறந்த முதல் ஈவென்ட்டில் அப்படித்தான். அதைச் சோதிக்காமல் சுற்றுப் போட்டால் நிரல் அங்கேயே விழும்.

எப்போது தகவல் அனுப்புவது என்பதற்கு என் பழக்கம்: வந்த ஈவென்ட்டின் டைப்பை நம்பி முடிவெடுப்பதில்லை. டிக்ஷனரியில் இருக்கும் பழைய ரீஸ்டார்ட் கவுன்ட் என்ன, இப்போது என்ன? ஏறியிருந்தால் அனுப்பு. நடுவில் மூன்று ஈவென்ட் தவறிப்போயிருந்தாலும் இந்த ஒப்பீடு தவறாது.

கிளஸ்டருக்குள் குடியேற்றுவது

மோடக் கதைக்குப் பிறகு நிரலை அலுவலகத்திலிருந்து கிளஸ்டருக்குள்ளேயே மாற்றினோம். அங்கே லோட்-கியூப்-கான்ஃபிக் வேலை செய்யாது, லோட்-இன்கிளஸ்டர்-கான்ஃபிக் என்று மாற்ற வேண்டும். சர்வீஸ் அக்கவுன்ட் என்பது ஏபிஐ சர்வரிடம் பாட் தன்னைக் காட்டிக்கொள்ளும் அடையாளம். பாட்டுக்குள் தானாக வைக்கப்படும் அதன் டோக்கனை இது எடுத்துக்கொள்ளும்.

ஓட்டியதும் 403 வரும். எல்லோருக்கும் வரும். அந்தச் சர்வீஸ் அக்கவுன்ட்டுக்கு அனுமதி தரவில்லை. ஒரு ரோல் (அனுமதிப் பட்டியல்) எழுதி, பாட்ஸ் என்ற ரிசோர்ஸுக்கு கெட், லிஸ்ட், வாட்ச் என்ற மூன்று வினைகளை மட்டும் கொடுங்கள், ரோல்-பைண்டிங்கால் அதைச் சர்வீஸ் அக்கவுன்ட்டோடு கட்டுங்கள். வாட்ச் கொடுத்துவிட்டு லிஸ்ட்டை மறப்பது சகஜம். பட்டியல் கேட்கும் இடத்தில் நிரல் நிற்கும். "கியூப்சிடிஎல் ஆத் கேன்-ஐ" என்ற கட்டளையில் அந்த அக்கவுன்ட்டின் பெயரை ஆஸ் என்ற கொடியில் கொடுத்து, அனுமதி உண்டா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளலாம்.

அவசரத்தில் எல்லா அனுமதியும் உள்ள கிளஸ்டர்-அட்மின் கொடுத்து வேலையை முடிக்கச் சொல்லும் அண்ணன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். கடவுச்சொற்களை வைக்கும் சீக்ரெட்ஸ் மேல் லிஸ்ட் அல்லது வாட்ச் அனுமதி இருந்தால் பெயர் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் கடவுச்சொல்லும் சேர்ந்தே வரும்.

இன்னொன்று, இந்தக் காவல்கார நிரலை இரண்டு பிரதி ஓட்டினால் இரண்டும் தகவல் அனுப்பும். ஒன்று போதும். விழுந்தால் டிப்ளாய்மென்ட் தூக்கிவிடும், தூக்கியதும் முதல் வேலை பட்டியல் கேட்பதுதானே. உண்மையிலேயே இரண்டு வேண்டுமென்றால் லீஸ் என்ற ரிசோர்ஸை வைத்துத் தலைவர் தேர்வு நடத்தலாம், அது தனிக் கதை.

இன்ஃபார்மர்

பட்டியல், டிக்ஷனரி, வாட்ச், 410, இடைவெளி என்று நாம் கையால் செய்தது அத்தனையையும் செய்து தரும் பொருளுக்கு இன்ஃபார்மர் என்று பெயர். கிளையன்ட்-கோ நூலகத்தில் இருக்கிறது, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களிலும் உண்டு. சேர்ந்தால், மாறினால், போனால் என்று மூன்று செயல்பாடுகளை மட்டும் நாம் கொடுக்கிறோம். பைத்தானில் கோப்ஃப் என்ற கட்டமைப்பு இதே வசதியைத் தரும். நீண்டகாலம் ஓட வேண்டிய எதையும் இப்போது நான் இதில்தான் எழுதுகிறேன். ஆனால் ஒருமுறையாவது கையால் எழுதிவிட்டு இதற்கு வாருங்கள். இல்லையென்றால் கீழே உள்ளவை ஏன் என்று புரியாது.

இன்ஃபார்மர் தன் நினைவில் ஒரு நகல் வைத்திருக்கிறது. அது நிரம்பி முடியும் வரை காத்திருங்கள், அதற்கென்று ஒரு செயல்பாடு உண்டு. காத்திருக்காமல் தேடினால் இருக்கும் பாட்டையே இல்லை என்று சொல்லும். நகலில் இருந்து எடுத்த ஆப்ஜெக்டைத் திருத்தாதீர்கள், அது எல்லோருக்கும் பொது. திருத்த வேண்டுமென்றால் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று செயல்பாடுகளுக்குள் கனமான வேலை வைக்காதீர்கள். நேம்ஸ்பேஸ், சாய்கோடு, பெயர் என்ற சாவியை மட்டும் ஒரு வரிசையில் போட்டுவிட்டு வெளியே வாருங்கள். வரிசையிலிருந்து எடுப்பவர் அந்தச் சாவியை வைத்து நகலில் இப்போதைய நிலை என்ன என்று பார்த்து வேலை செய்யட்டும். ஒரே பாட்டுக்கு ஐந்து மாற்றம் அடுத்தடுத்து வந்தாலும் வரிசையில் சாவி ஒன்றுதான் நிற்கும்.

கோ மொழியில் எழுதுகிறவர்களுக்கு ஒன்று: போனால் என்ற செயல்பாட்டுக்கு எப்போதும் பாட் வராது. லைன் அறுந்திருந்த நேரத்தில் அழிந்ததாக இருந்தால் டிலீட்டட்-ஃபைனல்-ஸ்டேட்-அன்னோன் என்ற உறை வரும், உள்ளே கடைசியாகத் தெரிந்த நிலை இருக்கும். நேராகப் பாட் என்று வகை மாற்றினால் நிரல் கவிழும். அது சோதனையில் வராது, அறுந்த அன்றைக்குத்தான் வரும்.

உடைத்துப் பாருங்கள்

ஓடுகிறது என்று சொல்லும் முன் மூன்று முறை உடையுங்கள். கையால் எழுதிய நிரலில் ரிசோர்ஸ் வெர்ஷனுக்கு 1 என்று கொடுத்து ஓட்டுங்கள். வழக்கமாக 410 வரும், நிரல் மறுபடி பட்டியல் எடுத்து எழ வேண்டும். அடுத்து, ஒரு என்ஜின்எக்ஸ் பாட்டுக்குள் போய் முதன்மைப் பிராசஸைக் கொல்லுங்கள். ரீஸ்டார்ட் கவுன்ட் ஏறி, தகவல் ஒன்று, ஒன்றே ஒன்று வர வேண்டும்.

மூன்றாவது, வெளியிலிருந்து ஓடும் நிரலாக இருந்தால் லைனைச் சத்தமில்லாமல் அறுப்பது. லேப்டாப்பின் வைஃபையை அணைத்தால் போதாது, இயங்குதளம் தெரிந்துகொண்டு இணைப்புகளை முடித்துவிடக்கூடும். மோடத்துக்குப் பின்னால் போய் இன்டர்நெட் ஒயரை உருவ வேண்டும். வைஃபை இருக்கும், இன்டர்நெட் இருக்காது. உருவிவிட்டு, போனின் டேட்டாவில் கிளஸ்டருக்குள் நுழைந்து ஒரு பாட்டை அழியுங்கள். ஆறு நிமிடம் கழித்து ஒயரைச் செருகுங்கள். தம்பி இதை முதல்முறை செய்தபோது ஒயரை உருவிவிட்டு வடை வாங்கப் போய்விட்டான். திரும்பி வந்து செருகியதும் டெர்மினலில் மூன்று வரி ஓடியது: இணைப்புக் காலாவதி, பட்டியல் மறுபடி எடுக்கப்பட்டது, பழைய எடைபதிவு பாட் இப்போது இல்லை. "இப்ப எர்ரர் வருதுண்ணா" என்றான், வாயெல்லாம் பல்லாக.